கழுத்தில் தாலி, கையில் ஃபைல்

"மாப்பிள்ளை லண்டன்ல இருக்கார்" என்று சொல்லும்போது பெண்ணைப் பெற்றவர்களின் குரலில் ஒரு பெருமை ஏறும். தப்பில்லை. ஆனால் கலியாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தும் முடிந்து, லீவு தீர்ந்த மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். பெண் மட்டும் புதுத் தாலியோடு அம்மா வீட்டிலேயே மாதக்கணக்கில் இருக்கிறாளே, அந்தக் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எதிர்வீட்டு மாமி மட்டும் பேசுவாள்: "இன்னுமா போகலை?"

என் அக்கா மகள் அப்படித்தான் பத்து மாதம் திருச்சியில் இருந்தாள். அவளுக்கு 2024 வைகாசியில் கலியாணம். மாப்பிள்ளை படிக்கப் போய், வேலை பார்த்து, பிரிட்டிஷ் பிரஜையானவர். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாமில் ஜாகை. நான் முப்பது வருஷம் பேங்கில் வேலை பார்த்தவள், ஃபைல் என்றால் பயமில்லாதவள் என்பதால் "சித்தி, நீ பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டினார்கள். முதல் வாரமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது சித்தி பார்க்கிற காரியமில்லை. ஏஜெண்டு பார்க்கிற காரியமும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய காரியம். நடுவில் ஐயாயிரம் மைல் இருந்தாலும் அப்படித்தான்.

ஏஜெண்டு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் உரிய பதிவு இல்லாதவர்கள் குடியேற்ற ஆலோசனை சொல்வதே 1999-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அங்கேயே அப்படியென்றால், நம் தெருமுனையில் போர்டு மாட்டிக்கொண்டு "நூத்துக்கு நூறு கேரண்டி" என்பவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். மனைவியைக் கூப்பிட்டுக்கொள்கிறவருக்கு இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2012 ஜூலையில் ஒரு கணக்கு வைத்தார்கள். வருஷத்துக்கு 18,600 பவுன். அக்கா மகளுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தபோது அதுதான் கணக்கு. 2024 ஏப்ரல் 11 முதல் அதை 29,000 பவுனாக ஏற்றிவிட்டார்கள். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் பத்தாயிரம் பவுன் கூடிவிட்டது!

எங்கள் அம்மாவுக்கு எண்பது வயது. இதைக் கேட்டதும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். "இருபத்தொன்பதாயிரம் பவுனா? பொண்ணை அனுப்ப அந்த ஊரு ராஜாவுக்கே நகை போடணுமாடி?" அது நகைப் பவுன் இல்லை, அந்த ஊர் ரூபாய் என்று விளக்குவதற்குள் எல்லோருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. சிரிக்காதவள் ஒருத்திதான். கலியாணப் பெண்.

அதற்குக் காரணம் இருந்தது. (அவர்கள் இருவரையும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) மாப்பிள்ளையின் சம்பளம் 26,500 பவுன். பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன தொகை வேறு. அவர் பொய் சொன்னவர் இல்லை. பெரியவர்கள் ஏற்றிச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு இருந்தவர். நம் வீடுகளில் இது நடக்காததா? ஆனால் விசா விண்ணப்பத்தில் மௌனம் செல்லாது. சம்பளச் சீட்டு வேண்டும். அதே தொகை பேங்கில் விழுந்ததற்கு அத்தாட்சி வேண்டும். நிஜத்தைச் சொல்ல அவருக்கு மூன்று நாள் பிடித்ததாம். அவளோ, "இவ்வளவுதானா? நான் என்னமோ வேற கலியாணம்னு நினைச்சு பயந்துட்டேன்" என்றாளாம்!

அதோடு முடியவில்லை. அவர் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மெண்ட்டை இவள் வரிவரியாகப் படித்திருக்கிறாள் (என் ரத்தம்!). "மாசாமாசம் இருநூறு பவுன் போகுதே, யாருக்கு?" தங்கையின் கலியாணக் கடன். "எப்ப முடியும்?" இன்னும் இரண்டு வருஷம். அப்போதுதான் இவளும் தன் பி.எட். படிப்புக் கடன் பாக்கி இருப்பதைச் சொன்னாள். கலியாணமாகிப் பத்து வருஷம் ஆனாலும் புருஷனின் சம்பளம் தெரியாத பெண்மணிகளை நான் பேங்க் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த இருவரும் குடித்தனம் தொடங்கும் முன்பே ஒருவர் வரவு செலவை ஒருவர் பார்த்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இவள் வாங்கும் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டலாமா என்று கேட்டார்கள். முடியாது. முதல் விண்ணப்பத்தில் வெளிநாட்டில் இருக்கும் மனைவியின் சம்பளம் கணக்கில் வராது. சேமிப்பைக் காட்டலாம். அதற்கு ஒரு சூத்திரம் உண்டு: வருமானத்தில் விழும் துண்டை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்ட வேண்டும். இவர்களுக்குத் துண்டு 2,500. ஆக 22,250 பவுன், கணவன் மனைவி கைவசம் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். நம் பணத்தில் இருபத்து மூன்று லட்சத்துக்கு மேல். வருமானமே இல்லாதவர் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுன்! கழுத்தில் காதில் இருப்பதும், ஊரில் இருக்கும் நிலமும் நிலமாகவே இருக்கும்வரை இதில் சேராது.

அத்தான் உடனே, "மணிகண்டம் பக்கம் இருக்கிற மனையை வித்துடறேன்" என்றார். அக்காவும் தலையாட்டிவிட்டாள். பெண்தான் சம்மதிக்கவில்லை. "அது உங்க ரெண்டு பேரோட கடைசிக் காலத்துக்கு. நாங்க ஆறு மாசம் லேட்டா சேர்ந்தா குடியா முழுகிடும்?" என்றாள். மாப்பிள்ளையும் அன்றிரவு அதையே சொன்னார். ஜூலையில் வேறு கம்பெனிக்கு மாறினார். 31,000 பவுன் சம்பளம், ஆனால் இரவு ஷிப்ட். புது வேலையில் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அதற்கு ஈடான பேங்க் வரவும் சேர்ந்தால்தான் அவர் நிலையில் விண்ணப்பிக்க முடியும். எனவே டிசம்பர் முடியும் வரை பொறுமை. "ஆடிக்கு முன்னாடி அனுப்பணும்", "தீபாவளிக்காவது போகணும்" என்று இரண்டு வீட்டிலும் நச்சரிப்பு. நான்கே சீட்டோடு போட்டுப் பார்க்கலாமே என்று கூடச் சொன்னார்கள். இருவரும் அசையவில்லை. அவர்கள் செய்தது சரி. மறுத்துவிட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. அப்பீலுக்கு வழி உண்டு, ஆனால் அது வக்கீலும் வாய்தாவுமாக நீளும்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் 2025 ஜனவரியில் கட்டியது 1,846 பவுன். அந்த ஏப்ரலில் அது 1,938 ஆனது. அதோடு அந்த நாட்டு ஆஸ்பத்திரி வசதிக்கென்று வருஷத்துக்கு 1,035 பவுன் முன்பணம். விசா 33 மாதம்; மூன்று வருஷமாகக் கணக்கிட்டு 3,105. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. சீர்வரிசைப் பட்டியல் போடும்போது இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பட்டுப்புடவையில் இரண்டு குறைந்தால் ஒன்றும் ஆகாது.

"பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போக இவ்வளவு கேள்வியா?" என்று அத்தான் அலுத்துக்கொண்டார். கேள்விகள் இன்றைக்கு முளைத்தவை அல்ல. முன்பு நடந்ததைக் கேட்டால் மனசு பதறும். 1979 ஜனவரியில், லண்டனில் இருந்த தன் வருங்காலக் கணவரை மணக்க ஹீத்ரு விமான நிலையத்தில் போய் இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியையை, அவர் 'கன்னியா' என்று டாக்டரை வைத்துச் சோதித்தார்கள். ஏற்கனவே கலியாணமானவர், மணப்பெண் என்று பொய் சொல்கிறார் என்ற சந்தேகமாம்! அடுத்த மாதம் பத்திரிகையில் வெளிவந்து, நம் நாடு கண்டனம் தெரிவித்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. எழுபதுகளில் குறைந்தது 80 பெண்களாவது இந்தக் கொடுமைக்கு ஆளானார்கள் என்பது 2011-ல், பழைய அரசாங்க ஆவணங்களைப் புரட்டியபோது தெரிய வந்தது.

இன்னொன்று. அந்நாட்டில் குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்வது, பெண் தன் கணவனை அழைத்துக்கொள்வதைவிட ஒரு காலத்தில் சுலபமாக இருந்தது. மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், இது ஆண் பெண் பாகுபாடு என்று 1985 மே மாதம் தீர்ப்பு வாங்கினார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு வழியைத் திறந்து சமமாக்கவில்லை. ஆண்களுக்கும் அதே முட்டுக்கட்டையைப் போட்டுச் சமமாக்கியது! இந்தக் கலியாணத்தின் முதல் நோக்கம் இங்கே குடியேறுவது அல்ல என்று தம்பதிகளே நிரூபிக்க வேண்டும் என்ற அந்த விதியை 1997-ல்தான் எடுத்தார்கள். இப்போது கேட்பது, நிஜமான தாம்பத்தியமா, இருவரும் நேரில் சந்தித்திருக்கிறார்களா என்று. பழசை நினைத்தால் இது தேவலை.

நிஜமான தாம்பத்தியம் என்பதைக் காகிதத்தில் எப்படிக் காட்டுவது? அக்கா, அறுநூறு போட்டோ உள்ள கலியாண ஆல்பத்தையே அனுப்பத் தயாராக இருந்தாள். அவ்வளவு வேண்டாம். நிச்சயம், முகூர்த்தம், கலியாணத்துக்குப் பின் இருவரும் போய் வந்த இடம் என்று தேதியோடு பதினைந்து இருபது படம் போதும் என்று வைத்துக்கொண்டோம். கூடவே பயண டிக்கெட், மாதாமாதம் பேசியதற்கான பட்டியல். பேசியது என்ன என்பதை முழுசாக அச்சடித்துக் கொடுக்கத் தேவையில்லை. புருஷன் பெண்டாட்டி கொஞ்சியதையெல்லாம் ஆபீஸர் படித்து என்ன செய்யப் போகிறார்!

மாப்பிள்ளை எழுதிய கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜாதகம் பார்த்துப் பேசி முடித்த கலியாணம் என்பதை மறைக்காமல் எழுதியிருந்தார். பெண் பார்த்த அன்று தனியாகப் பேசக் கிடைத்தது கால்மணி நேரம். அதன் பிறகு நான்கு மாதம் தினமும் போன் என்று தேதிவாரியாக விவரம். நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. தெரியவைப்பது நம் வேலை.

அடுத்து, பெயர். சகோதரிகளே, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஏறிவிடும். கலியாணப் பத்திரிகையில் ஓர் இனிஷியல், டிகிரியில் இரண்டு இனிஷியல், பேங்கில் கணவர் பெயர். ஒரே பெண் நான்கு பெண்களாகி நிற்பாள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் கலியாணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளைக்குள் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். புரோகிதர் வைத்த கலியாணமானாலும், 1967 முதல் சட்டம் ஏற்றுக்கொண்ட சுயமரியாதைக் கலியாணமானாலும் பதிவு உண்டு. சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகும்போது இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து சர்டிபிகேட்டில் வரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் திருத்தச் சொல்லுங்கள். கலியாணமானதும் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நடு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றக் கிளம்பாதீர்கள்.

தமிழில் மட்டும் இருக்கும் காகிதம் எதுவானாலும் முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இருந்தால் வேண்டாமாம். வெல்ஷ் தெரிந்த சார்பதிவாளர் நம் பக்கம் கிடைத்தால் சொல்லுங்கள்!

மனைவிக்கு ஆங்கிலப் பரீட்சை 2010 நவம்பரிலிருந்து உண்டு. முதல் படிக்குக் கேட்பதும் பேசுவதும் மட்டும்தான். ஏ-1 என்பார்கள், ரொம்பச் சுலபம். அங்கீகரித்த நிலையத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கில வழியில் டிகிரி படித்தவர்கள் அதற்கான சான்று வாங்கியும் காட்டலாம். எங்கள் பெண் பரீட்சையே மேல் என்று எழுதிவிட்டாள்.

டி.பி. இல்லை என்ற சர்டிபிகேட்டும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட க்ளினிக்கில் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். சர்டிபிகேட் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் அவசரப்பட்டு முதலிலேயே எடுக்க வேண்டாம். நாள் தள்ளிப் போயிருந்தால், வெட்கப்படாமல் அங்கே சொல்லிவிடுங்கள். வயிற்றுக்குக் கவசம் வைத்து எக்ஸ்ரே எடுக்கலாம், சளியை மட்டும் சோதிக்கலாம், அல்லது பிரசவம்வரை காத்திருக்கலாம். அப்படியே டி.பி. என்று தெரிந்தாலும் இடிந்து போக வேண்டாம். மருந்து சாப்பிட்டால் குணமாகிற வியாதி அது. குணமானதும் மறுபடி சோதனை செய்துகொண்டு விண்ணப்பிக்கலாம்.

காகிதத்தைவிட இந்தக் காத்திருப்புதான் பெண்ணை உருக்கிவிடுகிறது. எங்கள் பெண் மூன்றாவது மாதத்தில் இளைத்துத் துரும்பாகிவிட்டாள். காரணம் ஏக்கம் மட்டுமல்ல, தூக்கமின்மை. இந்தியாவுக்கும் லண்டனுக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அவருக்கோ இரவு ஷிப்ட். இவள் நடுநிசிவரை விழித்திருந்து பேசிவிட்டு, காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிப்பாள். நான்தான் கண்டித்தேன். வாரத்தில் ஐந்து நாள் பத்து நிமிஷம், அவருக்கு ஓய்வுள்ள இரண்டு நாள் எவ்வளவு வேண்டுமானாலும் என்று ஏற்பாடு. பேச்சும் குறைந்தது, சண்டையும் குறைந்தது!

வேலையை விட்டுவிடச் சொல்லி அக்கா பிடிவாதம் பிடித்தாள். "எந்த நேரமும் விசா வரலாமே." வரட்டும், அன்றைக்கு விடலாம் என்றேன். கையில் சம்பளமும், காலையில் போக ஓர் இடமும் இருந்ததால்தான் எதிர்வீட்டு மாமியைச் சிரித்துக்கொண்டே கடக்க முடிந்தது.

2025 மார்ச்சில் விசா வந்தது. மூட்டை கட்டும்போது ஊறுகாயும் வடகமும் அக்கா பார்த்துக்கொண்டாள். நான் வேறு சிலவற்றைப் பார்த்துக்கொண்டேன். இப்போது விசா என்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு. கையில் வைத்துக்கொள்ளும் பழைய அட்டை 2024 டிசம்பரோடு போயிற்று. அந்தக் கணக்கு அவளுடைய ஈமெயிலில், அவளுக்குத் தெரிந்த ரகசியச் சொல்லோடு இருக்க வேண்டும் என்றேன். மாப்பிள்ளையே உட்கார்ந்து அப்படி அமைத்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் அவள் பையில். எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் என் பீரோவில்.

மாப்பிள்ளை தங்கமானவர்தான். எல்லா மாப்பிள்ளைகளும் அப்படி அமைந்துவிடுவதில்லையே. இந்த விசாவில் போகும் பெண் வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் அரசு உதவிப் பணம் பொதுவாகக் கிடையாது. "நான் ஒரு கடுதாசி போட்டா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்று அடிக்கிற கணவன் மிரட்டுவது இதை வைத்துத்தான். அது முழு உண்மை இல்லை. அப்படிப்பட்ட கொடுமையால் குடும்பம் முறிந்தால், கணவனைச் சாராமல் அவள் அங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதுவரை கையில் காசில்லாமல் தவிக்காதிருக்க, மூன்று மாதம் அரசு உதவி பெறும் தனி ஏற்பாடு 2012 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆபத்தென்றால் 999 என்ற எண். ரகசியமாகப் பேச 0808 2000 247. காசு கிடையாது, இரவும் பகலும் உண்டு. இதை நான் அவளிடம் சொன்னபோது அக்காவுக்குக் கோபம். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு?" அவளோ பேசாமல் எழுதி வைத்துக்கொண்டாள். போன இடத்தில் வேறு எந்தப் பெண்ணுக்காவது உதவுமே.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியது, ஜி.பி. என்கிற வட்டார டாக்டரிடம் பெயர் பதிவது. அந்த ஊர் வெயில் நம் உடம்புக்குப் போதாது. நம்மைப் போன்ற மாநிறத்தவர்கள் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி வருஷம் முழுவதும் எடுத்துக்கொள்வது நல்லது என்று அந்நாட்டு சுகாதாரத் துறையே சொல்கிறது. கால் குடைச்சல், அசதி என்று முதல் குளிர்காலத்தில் போனில் அழுகிற பெண்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு போவது உத்தமம்.

33 மாதம் முடிவதற்குள் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், ஆங்கிலத்தில் ஒரு படி மேலான பரீட்சை. பிரிட்டிஷ் பிரஜையின் மனைவிக்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. எங்கள் பெண்ணுக்கு அடுத்த விண்ணப்பம் 2027-ல். அந்தத் தடவை அங்கே அவள் சம்பாதிப்பதும் கணக்கில் சேரும். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. ஆசிரியை வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

"சித்தி, என் சம்பளச் சீட்டெல்லாம் மாசவாரியா தனி ஃபைல்ல வெச்சுட்டேன்" என்றாள் போன வாரம் போனில். "அவரோடது எங்கேன்னு கேட்டாத்தான் முழிக்கிறார்."